கைவிடப்பட்ட ரயில் தடத்தைப் பசுமைப் பாதையாக்குதல்: தோட்டப் பட்டணங்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியத் தோட்டப் பட்டணங்களைச் சுற்றி இரண்டு வகையான பழைய தடங்கள் கிடக்கின்றன. ஒன்று, ரயில் ஓடி நின்றுபோன கிளைப்பாதை. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதையும், அதற்கு ஈராண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட தாப்பா ரோடு–தெலுக் இந்தான் பாதையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, தோட்ட நிருவாகம் தன் தேவைக்காகப் போட்டுக்கொண்ட குறுகிய டிராலிப் பாதை. ரப்பர் பாலையும் பின்னாளில் செம்பனைக் குலைகளையும் ஆலைக்குக் கொண்டுபோன இந்தச் சிறு தண்டவாளங்கள் இன்றும் ஓரிரு தோட்டங்களில் பயன்பாட்டில் இருந்தாலும், லாரியும் டிராக்டரும் வந்தபின் பெரும்பாலான இடங்களில் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. மேடும் மதகும்தான் எஞ்சியுள்ளன. இவ்விரு வகைத் தடங்களையும் மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற பாதையாகவும், பறவைகளும் பூச்சிகளும் தங்கிச் செல்லும் பசுமை வழியாகவும் மாற்ற முடியும்.

இத்தகைய தடத்தின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் நடுவே இருநூறு மீட்டரைக் கடைவீடுகளுக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது இரண்டு முட்டுச்சந்துகளே. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிராகச் செம்பனை நிற்கும் வட்டாரத்தில், ஆற்றோரக் காட்டையும் குன்றின்மேல் தப்பி நிற்கும் மரங்களையும் இணைக்கக்கூடிய ஒரே கீற்றாகப் பல இடங்களில் இந்தப் பழைய தடம்தான் இருக்கிறது. ஆகவே வேலையின் வரிசை முக்கியம்: முதலில் நிலம், அடுத்து நீர், அதன்பின் செடிகொடிகள், பிறகே நடைபாதை, நுழைவு வளைவும் பெஞ்சும் கடைசி. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும் என்பதற்காக வளைவிலிருந்து தொடங்கும் முயற்சிகள், ஒரே பருவமழையில் பாதை அரித்துப்போவதைப் பார்த்துச் சோர்ந்துவிடுகின்றன.

நிலம் யாருடையது

ரயில் நிலமாக இருந்தால், அது பெரும்பாலும் ரயில்வே சொத்துடைமைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கும். 1992இல் மலாயா ரயில்வேயான கேடிஎம் நிறுவனமயமாக்கப்பட்டபோது, ரயிலை ஓட்டும் பொறுப்பு ஒரு நிறுவனத்துக்கும் நிலம் உள்ளிட்ட சொத்துகள் இக்கழகத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன. ஆகையால், ரயில் நிலைய அதிகாரியிடம் வாய்மொழியாகப் பெறும் அனுமதி எதற்கும் உதவாது. டிராலிப் பாதையாக இருந்தால் அது தோட்ட நிறுவனத்தின் நிலம்; தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டிருந்தால் ஒரே பாதைக்குப் பல உரிமையாளர்கள் இருக்கக்கூடும். மாவட்ட நில அலுவலகத்தில் ஒவ்வொரு மனைக்கும் அதிகாரப்பூர்வத் தேடல் செய்து, உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, அடமானம் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்களுக்கு மற்ற எந்த வேலையும் நிலைக்காது.

அரசு நிலத்துக்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கேட்டுப் பெறலாம் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். அந்த உரிமம், எந்த மாதத்தில் தொடங்கினாலும், அந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும்; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புல் வெட்டவும் மதகைத் துப்புரவு செய்யவும் அது போதும். நாற்பது ஆண்டுகள் வாழப்போகும் மரத்தை அந்த உரிமத்தை நம்பி நடக்கூடாது. நிலையான தீர்வு, தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசு அந்தத் தடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கான ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் அறிவிப்பதே. அதற்கான கோரிக்கையை மாவட்ட மன்றம், சட்டமன்ற உறுப்பினர், நில அலுவலகம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் எழுத்துமூலம் சேர்ப்பது நல்லது. உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தைத் தவறவிடவும் கூடாது. அப்போது பதிவாகும் கருத்துக்குச் சட்டப்படி இடம் உண்டு.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல சான்று. தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 அன்று புறப்பட்டது. மறுநாள் அந்த ரயில் நிலம் சிங்கப்பூர் வசம் வந்தது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தைத் துண்டாடாமல் பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்ற முன்மொழிவை, அந்நாட்டின் இயற்கைச் சங்கம் 2010லேயே முன்வைத்துவிட்டது. கடைசி ரயில் கிளம்பும்போது மாற்றுத் திட்டம் மேசையில் இருந்தது என்பதே நாம் கற்க வேண்டியது.

ஏற்கெனவே அங்கு இருப்பவர்கள்

கைவிடப்பட்ட தடம் என்று நாம் சொல்வதில் யாராவது இருந்துகொண்டுதான் இருப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரர் கோயில் இருக்கும். ரயிலில் வேலை செய்தவர்கள் காவல் தெய்வமாக வைத்துக் கும்பிட்டதாக இருக்கும். சற்றுத் தள்ளித் தோட்டத்து இடுகாடு இருக்கலாம். கங்கோங் கீரையும் மரவள்ளியும் போட்டுப் பிழைப்பவர் இருப்பார். மாடு வளர்ப்பவர்கள் விடிந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அளவெடுக்கும் நாடாவை விரிப்பதற்கு முன் இவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும். கோயில் நிருவாகத்திடம் போய், “ஐயா, திருவிழாவுக்கு எவ்வளவு இடம் புழங்குவீங்க, வண்டியெல்லாம் எங்க நிறுத்துவீங்க?” என்று கேட்டு, அதற்கேற்பப் பாதையை ஓரிரு மீட்டர் விலக்கி வரைவது பின்னாளில் வரும் பெரும் சச்சரவைத் தவிர்க்கும். கோயில் மரத்தின் நிழலும் தண்ணீர்க் குழாயும் நடப்பவர்களுக்கு உதவும் என்பதால், அதை இளைப்பாறும் இடமாகத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.

மாடுகளை விரட்டுவது என் கருத்தில் தவறு. மேய்ச்சல் புல்லைக் கட்டுக்குள் வைக்கிறது. புல் வெட்டும் குத்தகைச் செலவு குறைகிறது. கன்றுகள் நட்ட பகுதியை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முள்வேலியால் அடைத்து, மற்றப் பகுதியை மேய்ச்சலுக்கு விட்டு, மாட்டுக்காரர்களுடன் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளலாம்.

இவற்றைவிடக் கடினமானது மோட்டார் சைக்கிள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் வேலைக்குப் போகவும் பலர் இந்த மேட்டையே குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறார்கள். இரும்புத் தூண் நட்டு மறித்தால், சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும். அதைத் தடுக்கும் அளவுக்குக் குறுக்கினால் சக்கர நாற்காலியும் நுழையாது. ஆகவே அவர்களுக்கு மேட்டின் அடிவாரத்தில் ஒரு செம்மண் சடக்கை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகே மேல்பாதையைத் தடைசெய்ய வேண்டும். வழியைப் பறித்துவிட்டுப் பூங்கா கொடுப்பதை எந்த ஏழைக் குடும்பமும் நன்மையாக எண்ணாது.

நீர்

ஒரு ரயில் தடத்தைக் கட்டிய பொறியாளர்கள் தண்டவாளத்துக்குச் செலவிட்ட கவனத்துக்குக் குறையாமல் தண்ணீருக்கும் செலவிட்டார்கள். தாழ்நிலத்தில் மேடு போட்டால் அது அணையாகிவிடும் என்பதால், இடைவெளி விட்டு மதகுகள் கட்டினார்கள். குன்றை வெட்டிச் சென்ற இடத்தில் இருபுறமும் வாய்க்கால் எடுத்தார்கள். ரயில் நின்றபின் இவற்றைத் துப்புரவு செய்பவர் இல்லை. மதகு அடைபட்டால் ஒரு பக்கம் சதுப்பாகிறது. மேட்டின் பக்கச்சரிவு ஊறிச் சரிகிறது. அதன்பின் எந்த நடைபாதையும் நிற்காது.

எனவே தடத்தை இரண்டு முறை நடந்து பார்க்க வேண்டும்: வெயில் காலத்தில் ஒன்று, கனமழை பெய்து ஓய்ந்தவுடன் ஒன்று. இரண்டாவது நடையே பாடம் சொல்லும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே மேட்டைத் தாண்டி வழிகிறது, எந்த மதகின் ஒரு வாயில் மட்டும் நீர் நிற்கிறது என்பதைக் கைப்பேசியில் இடக்குறியோடு படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

செங்கல் வளைவு மதகு ஒன்றைத் திறக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எப்போதும் நீர் வெளியேறும் கீழ்ப்பக்கத்து வாயிலிருந்து தொடங்க வேண்டும். மேல்பக்கத்தை முதலில் திறந்தால், தேங்கிய நீர் முழுவதும் ஒரேயடியாகப் பாய்ந்து சேற்றை உள்ளே இறுக்கிவிடும். செம்பனை மட்டை, பிளாஸ்டிக், வண்டல் ஆகியவற்றை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்குக்குப் பின்னும் நீர் மட்டம் இறங்கக் காத்திருக்க வேண்டும். வாய்க்கு மேலே ஆலமரக் கன்றோ அரசங்கன்றோ முளைத்து, வேர் செங்கல் இடுக்குகளில் இறங்கியிருப்பது சாதாரணம். அதை இழுத்துப் பிடுங்கக்கூடாது. பல ஆண்டுகளாக அந்த வேரே செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும், இழுத்தால் வளைவின் ஒரு பகுதி கையோடு வந்துவிடும். கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, பதிவு பெற்ற பொறியாளர் வந்து பார்க்கும்வரை விட்டுவிட வேண்டும். இரும்புப் பாலங்களுக்கும் இதே விதி: பொறியாளரின் எழுத்துச் சான்று வரும்வரை மக்களை ஏற்றக்கூடாது.

இந்த வேலையில் இறங்குபவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிவது கட்டாயம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் பரவும் எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. மதகுக்குள் நாகமும் மலைப்பாம்பும் தங்கியிருக்கும். ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகள், டயர்கள் முதலியவை தென்பட்டால் அன்றே அகற்றிவிட வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு அவற்றில் நிற்கும் தெளிந்த நீர் போதும்.

தடம் ஓடையைக் கடக்கும் இடங்களில் கரையோர நிலத்தைத் தொடாமல் விடுவது சிறந்தது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி, ஆற்றின் அகலத்தைப் பொறுத்து 5 மீட்டரிலிருந்து 50 மீட்டர்வரை கரை ஒதுக்கீட்டைக் குறிப்பிடுகிறது. அந்த அளவு நிலத்தில் இயற்கையாக வளர்வதை வளரவிட்டால், பசுமை வழியின் மிக வளமான பகுதி செலவில்லாமலே கிடைத்துவிடும்.

மண்ணில் என்ன இருக்கிறது

தோட்ட நிலத்தில் லாலான் புல்லைக் கொல்ல ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. ஆர்செனிக் மக்கிப் போவதில்லை. இதோடு, தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளில் மரம் உளுக்காமலிருக்க ஊறவைத்த கிரியோசோட் எண்ணெய், எஞ்சின் எண்ணெய், உலோகத் துகள் ஆகியவையும் பழைய ரயில் தட மண்ணில் இருக்கலாம். ஆகையால், எஞ்சின் கொட்டகை, சரக்கு ஏற்றிய முற்றம், கட்டைகளை அடுக்கிய இடம் ஆகியவற்றிலிருந்து தவறாமலும், மற்றப் பகுதியில் சீரான இடைவெளியிலும் மண் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஆர்செனிக், ஈயம் உள்ளிட்டவற்றுக்குச் சோதிக்க வேண்டும். மாசு கண்ட இடத்தைத் தோண்டிக் கிளறாமல், மண்தடுப்புத் துணி விரித்து, அதன்மேல் சுத்தமான மண் கொட்டி மூடுவது வழக்கமான முறை. அளவு மிகுதியாக இருந்தால் சுற்றுச்சூழல் துறையிடம் தெரிவிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை அங்கே காய்கறி போடுபவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லிவிடுவது நம் கடமை. பழைய சிலிப்பர் கட்டைகளைப் பெஞ்சாகவோ பாத்தி வரப்பாகவோ பயன்படுத்தும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். வெயிலில் கிரியோசோட் கசிந்து உடையிலும் தோலிலும் ஒட்டும்.

சரிவும் செடியும்

மேட்டின் பக்கச்சரிவைக் காக்க வெட்டிவேரைப் போன்ற துணை வேறில்லை. 1990களின் தொடக்கத்திலேயே மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதை இந்நாட்டு மண்ணில் ஆய்வு செய்தது. தூரைப் பிரித்து, சமமட்டக் கோட்டில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக மூன்று மீட்டர்வரை இறங்கும். ஏப்ரல் அல்லது அக்டோபர் மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். நிழலை அது தாங்காது. ஆகவே சரிவின் மேல்பகுதியில் வெட்டிவேர், அடிவாரத்தில் மரம் என்று வகுத்துக்கொள்ள வேண்டும். மேட்டின் உச்சியில் பெருமரம் நடவே கூடாது. வேர் மேட்டைப் பிளக்கும். புயல் மழையில் மரம் சாய்ந்தால் மேட்டில் ஒரு குழியையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

நட வேண்டியவற்றைப் பட்டியலிடுமுன் ஏற்கெனவே முளைத்திருப்பதைப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 1980இல் ரயில் நின்ற உயர்மட்டப் பாதையில் தானாக முளைத்த புல்லும் பூவுமே, 2009இல் அங்கே திறக்கப்பட்ட ஹை லைன் பூங்காவின் நடவு வடிவத்துக்கு முன்மாதிரியாக இருந்தன. நம் நாட்டில் தானாக முளைப்பதெல்லாம் நல்லதல்ல. அக்கேசியா, சவுண்டல், மைக்கேனியா கொடி ஆகியவை மற்றவற்றை அமுக்கிவிடும். இவற்றை ஒரே மூச்சில் வழித்தெடுக்காமல் சிறு சிறு பகுதியாக அகற்றி, அந்தந்த இடத்தில் உடனே மாற்றுக் கன்று வைக்க வேண்டும். செண்டுடுக் புதர் நாட்டுச் செடி, பறவைகள் அதன் பழத்தை விரும்பி உண்ணும், அதை விட்டுவைக்கலாம். தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக முகுனா கொடியைக் கொண்டுவந்து விடாதீர்கள்; செம்பனைக்கு நல்ல மண்மூடியான அது இளங்கன்றுகள்மேல் ஏறி மூடிவிடும்.

லாலானுக்கு மருந்தும் வேண்டாம், தீயும் வேண்டாம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020இலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். எரித்தாலும் நிலத்தடித் தண்டிலிருந்து அது மீண்டும் தழைக்கும். பலகையாலோ பீப்பாயாலோ மிதித்து மடக்கிப் படுக்கவைத்து, ஊடே விரைந்து நிழல் தரும் கன்றுகளை நட்டால், நிழல் விழ விழ லாலான் தானே ஒடுங்கும்.

அடிவாரத்துக்கு மகிழம், புங்கம், நாவல், ஈரம் மிகுந்த இடங்களுக்கு நாட்டு அத்தி வகைகள் பொருந்தும். பாதை ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நட வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் அருமையானது. ஆனால் அதன் வேர் நடைபாதையைத் தூக்கிவிடும் என்பதால் திறந்த திடலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கும் புல்லுக்கும் இடைப்பட்ட வரிசையில் வெட்சியும் கறிவேப்பிலையும் எருக்கும் வைத்தால், கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகியும் எருக்கில் வெந்தய வரியனும் முட்டையிட வரும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புழுவிலிருந்து பட்டாம்பூச்சிவரை கண்ணால் பார்த்துப் படிக்க இதைவிட நல்ல இடம் அமையாது. எலிகளை ஒடுக்கத் தோட்டங்கள் வளர்க்கும் கூகைக்கு இந்தப் புல் ஓரம் வேட்டைக்களம். தோட்ட நிருவாகத்திடம் கூடுப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கி நிறுத்துவதோடு, தடத்தின் ஓரமாக எலி மருந்து வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியும். விளக்குகளையும் சாலைக் குறுக்கீடுகளோடு நிறுத்திக்கொள்வது இரவில் நடமாடும் உயிர்களுக்கு நல்லது.

நடைபாதை

ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் தடத்தின் ஏற்றம் எங்கும் மெல்லியது, முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் இயல்பாகவே ஏற்றது. பழைய சரளைக் கல்லை எடுத்துவிடாமல் அதையே அடித்தளமாக்கி, மேலே உடைகல் பரப்பி, கல்தூள் தூவி, நீர் தெளித்து உருளையால் இறுக்கினால் போதும். செம்மண்ணை மட்டும் கொட்டினால் மழையில் சேறாகும். அகலம் இரண்டரை மீட்டர். நடுவில் சற்று மேடாக்கி, இருபுறமும் ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு விட வேண்டும். சாலை போடுவதற்காக மேட்டை வெட்டிய இடங்களில் அமைக்கும் சாய்தளம், மலேசியத் தர நிர்ணயம் எம்எஸ் 1184 சொல்லும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக்கூடாது. டிராலிப் பாதை குறுகியது. அதை நடப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கி ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை. இந்நாட்டின் முதல் ரயில் பாதையான தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பணியாளர் படைப்பிரிவுகள் கொண்டுவரப்பட்டன. இன்று கோல சபெத்தாங் எனப்படும் அந்தப் போர்ட் வெல்ட் ஊரில் இன்றும் நிற்கும் போர்ட் வெல்ட் நிலையப் பலகையில் தமிழ் எழுத்து இருக்கிறது. மலாக்கா–தம்பின் கிளைப்பாதையின் தண்டவாளங்களை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலுக்காகப் பெயர்த்துச் சென்றார்கள். தோட்டங்களிலிருந்து அந்த ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர் பல்லாயிரவர். தடத்தில் வேலை செய்த குடும்பங்களின் முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைக் குரல்பதிவு செய்து, அந்தந்த இடத்துக்குரிய செய்தியை அந்தந்த இடத்துப் பலகையில் எழுத வேண்டும்.

பராமரிப்பு

முதல் இரண்டு ஆண்டுகளில் கன்றுகளைச் சுற்றிப் புல் அகற்றுவதும், ஒவ்வொரு மழைப்பருவத்துக்கும் முன் மதகுகளையும் வாய்க்கால்களையும் திறப்பதுமே பெரும்பகுதி வேலை. கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி நடத்திச் சேரும் கூட்டம் தொடக்கத்துக்கு உதவும். மாதாமாதம் நடக்க வேண்டிய வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைப்பதே சரி. எந்த மதகு கோயில் நிருவாகத்தின் பொறுப்பு, எந்தப் பகுதி பள்ளியின் பொறுப்பு, புல் வெட்டும் செலவு மாவட்ட மன்றத்தினுடையதா தோட்டத்தினுடையதா என்பதை ஒப்பமிட்ட தாளில் வைத்திருக்க வேண்டும். செய்த வேலை, தேதி, படம், செலவு ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி வரவும். ஆண்டிறுதியில் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடும், அரசிதழ் அறிவிப்புக்கான கோரிக்கையோடும் அந்தப் பதிவேட்டின் நகலை இணைத்துக் கொடுக்கவும்.